எதைச் சரிசெய்வது?

1980களின் தொடக்கத்தில் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் சரக்குப் பிரிவு தன் வேலையில் திருப்தியாகவே இருந்தது. விமானத்தின் அடிப்பகுதியில் எவ்வளவு இடம் நிரம்பியது, பொட்டலமும் அதற்கான காகிதங்களும் பிரியாமல் சேர்ந்து போயினவா என்று அளந்துகொண்டிருந்தார்கள். எண்கள் நன்றாக இருந்தன. 1981இல் தலைமைக்கு வந்த யான் கார்ல்ஸனின் காலத்தில் ஒரு சோதனை நடந்தது. ஐரோப்பாவின் பல ஊர்களுக்கு 100 பொட்டலங்களை அனுப்பிப் பார்த்தார்கள். மறுநாள் சேரும் என்பது வாக்குறுதி. சராசரியாக நான்கு நாள் கழித்தே சேர்ந்தன. அந்தப் பிரிவில் யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. சரக்கு அனுப்புகிறவருக்கு வேண்டியது அது எப்போது போய்ச் சேரும் என்பது. பிரிவு அளந்தது வேறொன்றை. சோதனைக்கு முன்னால் அங்கே யாராவது ஒரு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியிருந்தால், அது அநேகமாக விமானத்தில் இன்னும் கொஞ்சம் இடத்தை நிரப்புவதைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும். நன்றாக முடிந்தும் இருக்கும்.

ஒரு குறையை எப்படிச் சரிசெய்வது என்பதற்கு இன்று கருவிகள் ஏராளம். மோட்டோரோலாவில் பில் ஸ்மித் உருவாக்கிய சிக்ஸ் சிக்மா, டொயோட்டாவிலிருந்து பரவிய லீன், கைஸன் என்று ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வகுப்பும் சான்றிதழும் உண்டு. சிலவற்றுக்கு கராத்தே போல பெல்ட் நிறம்கூட உண்டு. எந்தக் குறையைச் சரிசெய்வது என்பதற்கு அந்த வகுப்புகளில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஆனால் ஏமாற்றத்தில் முடிந்த திட்டங்களின் கதைகளைத் தொடர்ந்து படித்தால், கருவியைத் தவறாகக் கையாண்டதால் கெட்டவை சொற்பம் என்று தெரிகிறது. பிழை தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது. நிறுவனம் தன் வாசலில் தொடங்கித் தன் வாசலிலேயே முடிகிற ஒன்றை அளக்கிறது. அந்த அளவு எங்கே மோசமோ அதையே திட்டமாக எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளரின் பாடோ அந்த வாசலுக்கு வெகுமுன்பே தொடங்கி, அதைத் தாண்டியும் நீள்கிறது.

திட்டத் தேர்வைத் தனிப் பொருளாக எடுத்துப் பேசியவர்களில் தர மேலாண்மை அறிஞர் ஜோசப் ஜூரான் முக்கியமானவர். தரம் உயர்வது ஒவ்வொரு திட்டமாகத்தான், வேறு வழியே இல்லை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. இழப்பின் பெரும்பகுதி ஒருசில காரணங்களிலிருந்தே வருகிறது, அந்தச் சிலவற்றைப் பிடியுங்கள் என்றார். இதற்கு இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோவின் பெயரைச் சூட்டியவரும் அவரே; பரேட்டோ பேசியது செல்வப் பங்கீட்டை, தான் பொருத்தமில்லாமல் பெயர் வைத்துவிட்டேன் என்று 1975இல் எழுதியவரும் அவரே. பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பரேட்டோ வரைபடம் தொங்காத தொழிற்சாலைச் சுவர் அபூர்வம். அந்த வரைபடத்தில் எந்தக் கம்பம் உயரம் என்பது நாம் எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு பம்ப் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். குறைகளின் எண்ணிக்கையை எண்ணினால் பெயின்ட் கீறல் முதலில் நிற்கும். ரூபாயை எண்ணினால் வார்ப்பில் வீணாகும் உலோகம் முன்னால் வரும். மறுபடி நம்மிடம் வாங்காமல் போனவர்களை எண்ணினால், முன்னிரண்டிலும் கடைசியில் கிடந்த ஒன்று, உதிரிபாகம் கிடைக்க மூன்று வாரம் ஆவது, மேலே ஏறிவிடலாம். மூன்று வரைபடமும் சரி. ஆனால் எதை எண்ணுவது என்று முடிவெடுத்த நிமிடத்திலேயே திட்டம் தேர்வாகிவிட்டது.

ஜெனரல் எலெக்ட்ரிக் இதைப் பெரும் செலவில் தெரிந்துகொண்டது. ஜாக் வெல்ச் 1995இன் இறுதியில் அங்கே சிக்ஸ் சிக்மாவைத் தொடங்கிய பின் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான திட்டங்கள் முடிந்தன. சேமிப்புக் கணக்கு மளமளவென்று ஏறியது. வாடிக்கையாளர்களோ, எங்களுக்கு ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லையே என்றார்கள். 1998ஆம் ஆண்டறிக்கையில் நிறுவனமே இதை ஒளிக்காமல் எழுதியது. காரணம் சராசரி. சரக்கு சராசரியாக 16 நாளில் போனது, இப்போது 12 நாளில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே கைதட்டல். ஆனால் ஒருவருக்கு 3 நாளிலும் இன்னொருவருக்கு 25 நாளிலும் போய்ச் சேர்ந்தால், 25 நாள் காத்திருந்தவருக்கு அந்தச் சராசரியால் என்ன பயன்? 3 நாளில் பெற்றவருக்கும் இறக்கிவைக்க இடமில்லாத தொல்லைதான். வாடிக்கையாளர் உணர்வது சிதறலை. அவர் கேட்ட தேதிக்கு எவ்வளவு முன்னும் பின்னும் சரக்கு வருகிறது என்று அளக்கத் தொடங்கினால், சராசரியைக் குறைக்கப் போட்ட திட்டங்களில் பாதி தேவையற்றவையாகத் தெரியும்.

இந்த வாசல் விஷயத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொன்றை நான் அறியேன். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அறுவை அரங்கைப் பற்றி உலகமே எழுதிவிட்டது: ஒருவருக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் ஆயத்த வேலைகளையெல்லாம் முடித்துவைக்க, மருத்துவர் அறுவையை மட்டும் செய்வார். வணிகப் பள்ளிகளுக்குப் பிடித்த கதை அது. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, அரங்கத்துக்கு வெளியே அவர்கள் தேர்ந்தெடுத்த பிரச்சினைகள்.

கிராமங்களில் முகாம் போட்டு, கண்புரை இருப்பவர்களிடம் அறுவை செய்துகொள்ளுங்கள், இலவசம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பெரும்பாலோர் வரவில்லை. இங்கே ஒரு சாதாரண நிர்வாகம் செய்திருக்கக்கூடியது, இன்னும் பல முகாம்களை நடத்துவது, அல்லது விழிப்புணர்வுத் துண்டறிக்கை அச்சடிப்பது. இவர்களோ, ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டார்கள். பஸ் செலவுக்குக் காசில்லை, போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, கூட வர ஆளில்லை, இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்று பயம். அறுவைக் கட்டணம் செலவில் ஒரு பகுதிதான். அதை ஏற்கெனவே நீக்கியாயிற்று. ஆகவே முகாம் முடிந்த கையோடு நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி அழைத்துவந்து, சோறும் படுக்கையும் கொடுத்து, அறுவை முடிந்ததும் ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்ததில் பயமும் பாதி தணிந்தது. கண்ணாடி விஷயத்திலும் இதே கதை. சீட்டு எழுதிக் கொடுத்தால் வாங்குகிறவர் குறைவு. டவுனுக்கு இரண்டு முறை போய்வர வேண்டும், இரண்டு நாள் கூலி போகும். சட்டகமும் வில்லைகளும் முகாமுக்கே வந்து, அங்கேயே தேய்த்துப் பொருத்திக் கொடுத்தபோது நிலைமை மாறியது.

அதற்குப் பிறகும் விடவில்லை. முகாமுக்கு வருகிறவர்களை எண்ணுவதை விட்டு, கண் பிரச்சினை உள்ள கிராமத்தவரில் எத்தனை பேர் முகாமுக்கு வருகிறார்கள் என்று ஆராய்ந்து பார்த்தார்கள். பத்தில் ஒருவர்கூட இல்லை. முகாம் அரவிந்தின் பெருமைக்குரிய அடையாளம். நிர்வாகிகள் தங்கள் பெருமையின் கீழே இப்படியொரு எண்ணைத் தேடிப் போவது சுலபமல்ல. அந்த எண்ணிலிருந்துதான் சிறு ஊர்களில் நிரந்தரமாக இயங்கும் பார்வை மையங்கள் என்ற யோசனை வலுப்பெற்றது. மையத்தில் இருக்கும் பணியாளர் சோதிக்க, மருத்துவர் மதுரையிலிருந்து திரையில் பார்த்து ஆலோசனை சொல்வார். 1992இல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் வில்லையைத் தாங்களே தயாரித்து விலையை வெகுவாகக் கீழே கொண்டுவந்ததும் இதே வரிசையில் வருகிறது. ஒவ்வொரு முறையும் அவர்கள் கேட்டது, பார்வை திரும்பக் கிடைக்காமல் இந்த மனிதரைத் தடுப்பது எது என்பதுதான். அந்தத் தடை அரங்கத்துக்குள் இருந்ததைவிட வெளியே இருந்த சந்தர்ப்பங்களே அதிகம்.

அப்படியானால் வாடிக்கையாளரைக் கேட்டுச் செய்தால் போதும் என்று தோன்றும். அவ்வளவு எளிதில்லை. புகார்ப் பெட்டியில் குரல் கேட்பது புகார் எழுதத் தெரிந்தவர்களுடையது. எழுதாமல் அடுத்த கடைக்குப் போனவர் பட்டியலிலேயே இல்லை. கருத்துக் கணிப்பிலும் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். ஜப்பானியப் பேராசிரியர் நொரியாகி கானோ 1984இல் வெளியிட்ட கட்டுரை இங்கே இன்னும் உதவுகிறது. சில விஷயங்கள் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். சில, கூடக்கூட மகிழ்ச்சி கூடும். வேறு சில, யாரும் கேட்டதில்லை, கொடுத்தால் அசந்துபோவார்கள். முதல் வகையைப் பற்றி வாடிக்கையாளர் கணிப்பில் வாய் திறக்க மாட்டார். மூன்றாம் வகையை அவருக்கே தெரியாது. அதோடு எதுவும் தன் வகையில் நிலைத்து நிற்பதில்லை. 2016இல் யு.பி.ஐ. வந்தபோது பணம் அந்தக் கணமே போய்ச் சேர்வது வியப்பு. இன்று திரையில் வட்டம் பத்து விநாடி சுற்றினால் கடைக்காரரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். போன ஆண்டின் கணிப்பை வைத்து இந்த ஆண்டுக்குத் திட்டம் தேர்ந்தெடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். 2003க்குப் பிறகு பிரபலமான, எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா என்ற ஒற்றைக் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது.

நிறுவனத்தின் பக்கம் வருவோம். எந்தத் திட்டப் படிவத்திலும் எதிர்பார்க்கும் சேமிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதப்படும் தொகையைக் கணக்குப் பிரிவு சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமே. ஓர் எழுத்தரின் வேலையில் தினமும் 20 நிமிடம் மிச்சமானால், அதைச் சம்பளத்தால் பெருக்கி ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று எழுதுவார்கள். எழுத்தர் அதே சம்பளத்தில்தான் இருக்கிறார்; வங்கிக் கணக்கில் ஒரு பைசா கூடவில்லை. இன்னொரு பக்கம், உண்மையான பெரிய இழப்புகள் அந்தக் கட்டத்துக்கு வரவே வராது, ஏனென்றால் அவை எந்தத் துறையின் கணக்கிலும் இல்லை. திருப்பூர் ஏற்றுமதிப் பின்னலாடையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். தையல் தளத்தில் ஒரு பீஸுக்கு எத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்து எண்ணுவார்கள். அங்கே திட்டங்கள் குவியும். ஆனால் லேப் டிப் எனும் நிற மாதிரிக்கு பையரின் ஒப்புதல் வர ஆன நாட்களும், டையிங்கில் ஷேட் மாறி மறுபடி சாயமேற்றிய நாட்களும் யாருடைய கணக்கு? மெர்ச்சண்டைசர் மின்னஞ்சலில் மன்றாடிக்கொண்டிருப்பார். கடைசியில் கப்பல் தவறி, சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்பும்போது அந்த ஆர்டரின் லாபம் முழுக்கப் போய்விடும். அது ஏர் ஃப்ரெய்ட் என்ற தலைப்பில், போக்குவரத்துச் செலவாகப் பதிவாகும். தையல் தளத்தில் மிச்சம் பிடித்த விநாடிகள் அந்த ஒரு விமானச் சீட்டுக்கு ஈடாகாது.

மேலாண்மை எழுத்தாளர் எலியாஹு கோல்ட்ராட் 1984இல் நாவல் வடிவில் எழுதிப் புகழ்பெற்றதும் இதைத்தான்: முழு ஓட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும் இடம் ஒன்றுதான், மற்ற இடங்களில் செய்யும் மேம்பாடு குவியலைத்தான் பெருக்கும். சரியான பேச்சு. அந்தத் தடை சந்தையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அனலாக் டிவைசஸ் நல்ல பாடம்.

அமெரிக்காவின் அந்த மின்னணுச் சில்லு நிறுவனம் 1987இல் முழுமையான தர மேலாண்மையை முழு மூச்சாகத் தொடங்கியது. 1990க்குள் வெளியே போகும் பொருளில் குறை பத்து லட்சத்துக்கு 500இலிருந்து 50ஆக இறங்கியது. சொன்ன தேதியில் அனுப்புவது 70 சதவீதத்திலிருந்து 96க்கு ஏறியது. தயாரிப்புக்காலம் 15 வாரத்திலிருந்து 8 ஆனது. வாடிக்கையாளருக்கு இவையெல்லாம் வேண்டியவையே. யாரும் குறை சொல்ல முடியாத தேர்வுகள். அதே மூன்று ஆண்டுகளில் பங்கின் விலை 18.75 டாலரிலிருந்து 6.25க்குச் சரிந்தது, நிறுவனம் தன் வரலாற்றில் முதன்முறையாக ஆட்களை வெளியே அனுப்பியது. ஆய்வாளர் ஜான் ஸ்டெர்மனும் அவருடைய சகாக்களும் 1997இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். தொழில்துறை முழுவதும் அப்போது மந்தம் என்பது உண்மை. அதற்கு மேலும் ஒரு காரணம் உள்ளேயே இருந்தது. தயாரிப்புத் தளத்தில் மேம்பாடு வேகமாக நடக்கிறது, ஏனென்றால் அங்கே எல்லாம் எண்ணக்கூடியது, ஒரே துறைக்குள் முடிவது. புதிய பொருளை வடிவமைப்பதில் மேம்பாடு ஆமை வேகம். தளம் இரண்டு மடங்கு தயாரிக்கும் நிலைக்கு வந்துவிட்டது, விற்கப் புதிய பொருள் அந்த அளவுக்கு வரவில்லை. மிஞ்சியது ஆளும் எந்திரமும். ஆட்குறைப்பு வந்ததும், நம் யோசனையால் நம் வேலையே போகிறதே என்று தொழிலாளர்கள் பின்வாங்கினார்கள், மேம்பாடும் சுணங்கியது. தேர்வு தனித்தனியே சரியாக இருந்து, சேர்த்துப் பார்க்கும்போது பொருந்தாமல் போன கதை இது. திட்டப் பட்டியலை வரிவரியாக மதிப்பிடும் வழக்கத்தில் இந்தக் கண்ணி அகப்படாது.

வாடிக்கையாளர் தலையில் செலவைக் கட்டிவிட்டு அதைச் சேமிப்பு என்று எழுதுவது இன்னொரு வகை. ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து 2000இன் இறுதியில் ஹோம் டிப்போவுக்குப் போன ராபர்ட் நார்டெல்லியின் காலத்தில் லாபம் வளர்ந்தது. குழாய் வேலையும் தச்சும் தெரிந்த அனுபவசாலிகளுக்குப் பதிலாகப் பகுதிநேர ஊழியர்கள் கூடினார்கள். வாடிக்கையாளர் திருப்தி மதிப்பீட்டில் கடை கீழே போனது. 2007 தொடக்கத்தில் அவர் வெளியேறினார். அதே கூட்டிலிருந்து 3எம் நிறுவனத்துக்குப் போன ஜேம்ஸ் மெக்நெர்னி, சிதறலைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மாவை ஆராய்ச்சிக் கூடத்துக்கும் நீட்டினார். அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி அதை அங்கே தளர்த்த வேண்டியதாயிற்று. தேடல் என்பதே சிதறலால் ஆன வேலை. அங்கே சிதறலைக் குறைப்பதைத் திட்டமாக எடுத்தது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

யார் தேர்ந்தெடுப்பது என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. ஜப்பானில் 1962இல் பிறந்த தரவட்டங்கள், இந்தியாவில் 1980களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பி.எச்.இ.எல். மூலம் வேர்விட்டவை, தொழிலாளர்களையே தங்கள் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. கைக்கருவி வைக்க அலமாரி, குனியாமல் எடுக்க மேசை என்று அவர்கள் எடுக்கும் திட்டங்களை மேலிருப்பவர்கள் சிறுபிள்ளை விளையாட்டாகப் பார்ப்பதுண்டு. அது தவறு, நாளெல்லாம் குனிந்து நிற்பவருக்கு அதைவிடப் பெரிய திட்டம் இல்லை. ஆனால் துறைகளின் எல்லையைத் தாண்டும் பிரச்சினை, திருப்பூரின் லேப் டிப் போன்றது, எந்தத் தரவட்டத்திலும் எழாது. அதற்கு ஹோஷின் கான்ரி என்ற மற்ற மரபு: தலைமை ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ குறிக்கோளைச் சொல்லும், கீழிருப்பவர்கள் எங்களால் இது முடியும், இது முடியாது, இதற்கு இது வேண்டும் என்று திருப்பி அனுப்புவார்கள், இப்படிப் பலமுறை மேலும் கீழும் போய் வந்த பிறகே திட்டம் முடிவாகும். 1998இல் தரத்துக்கான டெமிங் விருது பெற்ற முதல் இந்திய நிறுவனமான சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவும், 2002இல் பெற்ற டி.வி.எஸ். மோட்டாரும், பின்னால் வந்த ரானே குழும நிறுவனங்களும் இவ்வகைக் கொள்கை மேலாண்மையைக் கற்றே அந்த மதிப்பீட்டைக் கடந்தன. மெதுவான முறைதான். இரு திசையிலும் பேச்சு நடப்பதால், தலைமைக்குத் தெரியாததும் தளத்துக்குத் தெரியாததும் ஒரே மேசைக்கு வருகின்றன.

இடையில் மதிப்பெண் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் பயனுக்கு 9, செலவுக்கு 3, எளிமைக்கு 7 என்று போட்டு, எடையால் பெருக்கிக் கூட்டி, தசமப் புள்ளியோடு வரிசைப்படுத்துவார்கள். பத்துத் திட்டங்களில் எட்டைத் தூக்கியெறிய அது உதவும். முதலிரண்டில் எது என்று கேட்டால், யார் எடையைத் தீர்மானித்தாரோ அவர் மனதில் இருந்ததுதான் முதலில் வரும். எளிமைக்கு எடை கூடிப்போனால், ஒவ்வொரு ஆண்டும் சுலபமானவையே தேர்வாகி, கடினமான ஒன்று ஐந்து ஆண்டுகளாக மூன்றாம் இடத்திலேயே நிற்கும். பழைய அட்டவணைகளை எடுத்துப் பார்த்து அப்படி நிற்பது எது என்று கண்டுபிடிப்பது, புதிய அட்டவணை போடுவதைவிடப் பயனுள்ள வேலை.

எல்லா விதிகளையும் மீறிய தேர்வும் உண்டு. 1987இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்துக்குத் தலைமையேற்ற பால் ஓ'நீல், தொழிலாளருக்குக் காயம் ஏற்படாமல் செய்வதே முதல் குறிக்கோள் என்றார். வாடிக்கையாளர் கேட்கவில்லை, முதலீட்டாளர்கள் திகைத்தார்கள். ஆனால் ஒரு காயம் ஏன் ஏற்பட்டது என்று விளக்க வேண்டுமானால், அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று முழுக்கத் தெரிந்தாக வேண்டும். தொழிற்சங்கமும் நிர்வாகமும் சண்டையிட முடியாத ஒரே பொருளும் அதுதான். அவர் பதவிக்காலத்தில் வேலைநாள் இழப்புக் காயங்கள் 100 தொழிலாளருக்கு 1.86இலிருந்து 0.2ஆக இறங்கின, நிறுவனத்தின் லாபமும் பெருகியது. இதை எந்த மதிப்பெண் அட்டவணையும் தேர்ந்தெடுத்திருக்காது.

ஓ'நீலுக்குக் கிடைத்தது பதின்மூன்று ஆண்டுகள். அனலாக் டிவைசஸின் தரப் பிரிவுத் தலைவராக இருந்த ஆர்ட் ஷ்னைடர்மன், ஒரு குறை பாதியாகக் குறைய எத்தனை மாதம் ஆகிறது என்று பல நிறுவனத் தரவுகளைத் திரட்டிப் பார்த்தார். ஒரே துறைக்குள் முடியும் வேலைக்குச் சில மாதங்கள். பல துறைகள் சேர்ந்தால் ஓராண்டுக்கு அருகில். வெளி நிறுவனங்களும் சேர்ந்தால் அதற்கும் மேல். வாடிக்கையாளருக்கு உறைக்கும் பிரச்சினைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு வகையைச் சேர்ந்தவை. திட்டத் தலைவருக்கோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் கூட்டம், இரண்டு ஆண்டில் இடமாற்றம். அவர் அலமாரியைச் சரிசெய்யும் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு வியப்பில்லை. இரண்டாண்டு பிடிக்கும் திட்டத்தை அவர் கையில் கொடுக்கிறவர்கள், அதுவரை அவரை அதே நாற்காலியில் விட்டுவைக்கவும், முதல் நான்கு ஆய்வுக் கூட்டங்களில் காட்ட எண் இல்லாமல் வருவதைப் பொறுத்துக்கொள்ளவும் தயாரா என்று திட்டப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால், சேமிப்புத் தொகை எழுதும் கட்டத்தைவிட அது அதிகம் சொல்லும்.